விழுந்தவர் திரும்பலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன், இதுவரை எழுதியதில்லை. இதையும் பத்து நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

எங்கள் வீட்டில் முதலில் இரட்சிக்கப்பட்டவர் என் அண்ணன். எனக்குப் பன்னிரண்டு வயதில் ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஞானஸ்நானம் எடுத்து நான் தண்ணீரிலிருந்து ஏறி வந்தபோது கையில் துண்டோடு கரையில் நின்றார். பதினான்கு வருடம் வாலிபர் கூட்டத்தை நடத்தினார். மூன்று வருடங்களுக்கு முன் ஒருநாள், "எனக்கு விசுவாசம் போய்விட்டது. இருக்கிறமாதிரி நடிக்கப் பிடிக்கவில்லை" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். யாரோடும் சண்டை இல்லை, கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. சபைக்கு வருவதை விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

எங்கள் போதகர், "அவர் உண்மையில் இரட்சிக்கப்படவே இல்லை. இரட்சிக்கப்பட்டவன் கடைசிவரை விழுந்துபோகமாட்டான்" என்கிறார். நான் போகும் ஜெபக்குழுவில், "இரட்சிப்பை இழந்துவிட்டார். எபிரெயர் ஆறின்படி இனித் திரும்பவும் முடியாது" என்கிறார்கள். உறவினர்கள் அந்த வசனத்தை அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

இதில் எது சரி? அவர் இரட்சிக்கப்படவே இல்லை என்றால், அவர் மூலமாக விசுவாசத்துக்கு வந்த நான் யார்? இந்த யோசனை வந்ததிலிருந்து ஏழெட்டு மாதமாக என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்கால் போட்டால் வார்த்தை வருவதில்லை. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அதன்பிறகு தூக்கம் இல்லை. ஒருநாள் ஆத்திரத்தில் தேவனைக் கேட்கக்கூடாத வார்த்தையெல்லாம் கேட்டுவிட்டேன். அது மன்னிக்கப்படாத பாவமா?

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் தவறாமல் போன் செய்கிறார். "இன்னைக்கு என்ன பிரசங்கம்?" என்று கேட்கிறார். கிண்டலா அக்கறையா என்று எனக்குப் புரியவில்லை. எதையாவது சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் பத்து நாள் யோசித்து எழுதினீர்கள். பதில் எழுத எனக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் போதகன் இல்லை, வேதாகமக் கல்லூரியில் படித்தவனும் இல்லை. இந்தக் கேள்வியோடு ரொம்ப நாள் மல்லுக்கட்டியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

ஆத்திரத்தில் பேசிய வார்த்தைகளைப் பற்றிக் கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். அது எளிது. மன்னிக்கப்படாத பாவம் என்ற அந்த எச்சரிக்கையை மத்தேயு 12-இல் இயேசு யாரிடம் சொல்கிறார் என்று பாருங்கள். குருடும் ஊமையுமான ஒருவன் கண்ணெதிரே குணமாகிறான். அதைப் பார்த்துவிட்டு, நிதானமாக, உள்நோக்கத்தோடு, "இது பிசாசின் வேலை" என்று தீர்ப்புச் சொன்ன பரிசேயர்களிடம் சொல்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு அழுதுகொண்டே "எங்கே போனீர்?" என்று கத்துகிற பிள்ளையிடம் அவர் அதைச் சொல்லவில்லை. அப்படிக் கத்தியவர்களின் பேச்சை வேதாகமம் வெட்டி எறியாமல் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. யோபு முழுக்க அதுதான். 88-ஆம் சங்கீதம் ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமல் முடிகிறது, ஆனாலும் அது ஜெபப் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது. அந்தப் பாவத்தைச் செய்தவனுக்கு அதைச் செய்துவிட்டோமோ என்ற கவலை இருக்காது என்று பழைய போதகர்கள் சொல்வார்கள். அது சரியென்றுதான் நினைக்கிறேன்.

மற்றது அவ்வளவு எளிதில்லை.

பதினைந்து வயதில் எனக்கு ஒரு கறுப்பு அட்டை வேதாகமம் பரிசாகக் கிடைத்தது. முதல் பக்கத்தில் "இரட்சிக்கப்பட்ட நாள்" என்று எழுதி, பக்கத்தில் தேதியைப் போட்டேன். நாலு மாதம் கழித்து ஒரு எழுப்புதல் கூட்டம். பிரசங்கியார், "உன் இரட்சிப்பு நிச்சயமா? இன்றிரவு செத்தால் எங்கே போவாய்?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கி முன்னால் போனேன். வீட்டுக்கு வந்து பழைய தேதியை அடித்துவிட்டுப் புதிய தேதியை எழுதினேன். இப்படி ஐந்து தேதிகள். கடைசித் தேதியைப் பென்சிலால் எழுதினேன், அழிக்க வசதியாக இருக்கட்டும் என்று. இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது அது ஒவ்வொரு தடவையும் வயிற்றைப் பிசைகிற பயம். ஆட்களை அப்படியே பயத்தில் வைத்துக்கொண்டு ஊழியம் நடத்துகிறவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது. ஆகவே என் பதிலில் கொஞ்சம் சாய்வு இருக்கலாம். அதைத் தெரிந்துகொண்டே வாசியுங்கள்.

உங்கள் காதில் விழுந்த இரண்டு பேச்சும் இன்று நேற்று வந்தவை இல்லை. "இரட்சிக்கப்பட்டவன் கடைசிவரை விழுந்துபோகமாட்டான்" என்பது பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி ஜான் கால்வின் வழிவந்த சபைகளின் உபதேசம். 1618-19-இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரத்தில் கூடிய ஆலோசனைச் சங்கம் அதை ஐந்தாம் தலைப்பாக வகுத்து எழுதியது. அதற்கு எட்டு வருடம் முன்னால், 1610-இல், அந்த உபதேசத்தோடு முரண்பட்ட ஆர்மீனியஸ் என்ற டச்சு இறையியலாளரின் சீடர்கள் தங்கள் ஐந்து கட்டுரைகளைக் கொடுத்திருந்தார்கள். அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. உண்மையான விசுவாசி விழுந்துபோகக்கூடுமா என்ற இடம் வந்ததும் அவர்கள், இதை வேதத்தை இன்னும் நன்றாக ஆராய்ந்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும் என்று எழுதி நிறுத்திவிட்டார்கள். சபை வரலாற்றில் அவ்வளவு நேர்மையான வாக்கியம் அபூர்வம். பின்னால் அவர்களும் ஒரு பக்கமாக உறுதியாகிவிட்டார்கள், டோர்ட் அவர்களுடைய போதகர்கள் பலரின் பதவியையும் பறித்தது. அது வேறு கதை.

"இழக்க முடியும்" என்ற பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம்பேர் இல்லை. லூத்தரன் சபைகளின் 1530-ஆம் வருடத்து ஆக்ஸ்பர்க் அறிக்கை அதைத்தான் சொல்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை 1547-இல் திரெந்து சங்கத்தில் அதைச் சொன்னது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி சொன்னார், இன்றைய மெதடிஸ்டுகளும் பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலோரும் சொல்கிறார்கள். ஆனால் உங்கள் ஜெபக்குழு கவனிக்காத ஒன்றைக் கவனியுங்கள். இவர்களில் யாரும் "இழந்தவன் திரும்ப முடியாது" என்று சொல்லவில்லை. ஆக்ஸ்பர்க் அறிக்கையில், விழுந்தவர்கள் மனந்திரும்பும்போதெல்லாம் மன்னிப்பு உண்டு என்பது அந்தப் பகுதியின் முதல் வாக்கியம். திரெந்து சங்கம் பாவசங்கீர்த்தனத்தைக் கைகாட்டுகிறது. வெஸ்லியோ ஒரு படி மேலே போய், விசுவாசத்தைக் கப்பற்சேதப்படுத்திக்கொண்டு திரும்பி வந்தவர்கள் ஒருவர், நூறுபேர் அல்ல, ஆயிரக்கணக்கானோர் என்று பின்வாங்கிப்போனவர்களுக்கான பிரசங்கத்திலேயே சொன்னார்.

அப்படியானால் "திரும்பவே முடியாது" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு பழைய முகவரி உண்டு.

கி.பி. 250. ரோமப் பேரரசன் டேசியஸ், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி அதற்குச் சான்றிதழ் வாங்கவேண்டும் என்று உத்தரவு போடுகிறான். எகிப்தின் வறண்ட மண்ணில் அந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. சின்னச் சின்ன பாப்பிரஸ் துண்டுகள். இன்ன ஊர், இன்னார் மகன், "நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலி செலுத்திவந்திருக்கிறேன். இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டு, பானபலி ஊற்றி, பலிப்பொருளைச் சாப்பிட்டேன். சான்று தரக் கேட்டுக்கொள்கிறேன்" என்ற தோரணையில் ஒரு மனு, கீழே அதிகாரிகளின் கையெழுத்து. நம்முடைய அலுவலகப் படிவம்போலத்தான் இருக்கும். கிறிஸ்தவர்கள் கூட்டம் கூட்டமாகப் போய் வரிசையில் நின்றார்கள். சிலர் பலியிட்டார்கள். சிலர் காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். துன்புறுத்தல் ஓய்ந்ததும் அதே ஆட்கள் அழுதுகொண்டு சபை வாசலில் வந்து நின்றார்கள்.

உள்ளே விடலாமா? ரோமில் நொவேஷியன் என்ற மூப்பர், கூடாது என்றார். விசுவாசத்தில் குறையில்லாதவர், படித்தவர், துன்பகாலத்தில் தாமே மறுதலிக்காதவர். சபைக்கு அவர்களை மன்னிக்கும் அதிகாரமில்லை என்று சொல்லி, தனிச் சபையாகப் பிரிந்தார். கார்த்தேஜின் கண்காணி சிப்ரியானும் முதலில் கண்டிப்பாகத்தான் இருந்தார். ஆனால் 251-இல் கூடிய சங்கத்தில், சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை ஒருமாதிரியும் பலியிட்டவர்களை வேறுமாதிரியும் விசாரித்து, வருந்தி நின்றவர்களுக்குக் கதவு திறக்கப்பட்டது. அடுத்த துன்புறுத்தல் வரும்போலத் தெரிந்தபோது, பலியிட்டு மனங்கசந்து காத்திருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். போருக்குப் போகிறவனை ஆயுதமில்லாமல் அனுப்பலாமா என்பது சிப்ரியானின் வாதம். 325-இல் நிசேயா சங்கம், நொவேஷியனின் கூட்டத்திலிருந்து திரும்பிவரும் குருமார், விழுந்து திரும்பியவர்களோடு ஐக்கியமாயிருப்போம் என்று எழுதிக்கொடுக்கவேண்டும் என்று விதித்தது. இப்போது யார் யாரிடம் எழுதி வாங்குகிறார்கள் என்று பாருங்கள்!

ஆகவே உங்கள் ஜெபக்குழு சொல்வது எங்கிருந்தோ குதித்த பேச்சு இல்லை. சபை ஒருமுறை உட்கார்ந்து யோசித்து, வேண்டாம் என்று வைத்த பேச்சு.

எபிரெயர் ஆறை என்ன செய்வது என்பீர்கள். நானும் அந்த இடத்தைத் தாண்டிக் குதிக்கப் பார்த்தவன்தான். "ஒருதரம் பிரகாசிப்பிக்கப்பட்டும், பரம ஈவை ருசிபார்த்தும், பரிசுத்த ஆவியைப் பெற்றும்..." மறுதலித்துப்போனவர்களைப் புதுப்பிக்கிறது "கூடாதகாரியம்". கால்வின் வழியினர், இவர்கள் சபைக்குள் இருந்து ருசிபார்த்தவர்களே தவிர மறுபடியும் பிறந்தவர்கள் அல்ல என்கிறார்கள். "பரிசுத்த ஆவியைப் பெற்றும்" என்ற சொற்களுக்கு முன்னால் அந்த விளக்கம் எனக்குக் கொஞ்சம் நொண்டுகிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். அவர்களுக்குத் துணையாக ஏழு, எட்டு வசனங்களில் வரும் நிலம் இருக்கிறது. ஒரே மழைதான், ஒரு நிலம் பயிர் தருகிறது, இன்னொன்று முள்ளும் முட்பூண்டும் தருகிறது. மறுபக்கத்தாருக்கு யோவான் பத்து இடறுகிறது. "அவைகள் ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை, ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை." ஆடு தானாக நழுவிப்போகலாமே என்று அவர்கள் சொல்லும்போது எனக்குத் திருப்தி வருவதில்லை. ஆளுக்கு ஒரு கலர் பென்சிலை வைத்துக்கொண்டு தங்கள் வசனங்களுக்கு மட்டும் கோடு போடுகிறோம். எதிர்க்கட்சியின் வசனங்கள் வெள்ளையாகவே கிடக்கின்றன.

இரண்டு கலரும் ஒரே பக்கத்தில் விழுகிற இடம் ஒன்று உண்டு. எனக்கு வழி விட்டது அதுதான். அது உபதேசப் பகுதிகூட இல்லை, ஒரு கடற்பயணக் கதை.

அப்போஸ்தலர் 27. பவுல் கைதியாக ரோமுக்குப் போகிறார். புயல். பல நாளாகச் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. அப்போது பவுல் எழுந்து சொல்கிறார்: இராத்திரி தேவதூதன் வந்து நின்றான், கப்பல் போகும், ஆனால் உங்களில் "ஒருவனுக்கும் பிராணச்சேதம் வராது". நிபந்தனை ஏதும் சொல்லப்படவில்லை. கப்பலிலிருக்கும் 276 பேரையும் தேவன் பவுலுக்குத் தந்தாயிற்று.

பதினாலாம் இராத்திரி. கப்பற்காரர்களுக்குக் கரை கிட்டே இருப்பதாக வாடை அடிக்கிறது. விழுதுவிட்டுப் பார்க்கிறார்கள், இருபது பாகம். கொஞ்சம் தள்ளிப்போய் மறுபடி விடுகிறார்கள், பதினைந்து பாகம். பாறையில் மோதிவிடுமோ என்று பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரங்களைப் போட்டுவிட்டு, எப்போது விடியும் என்று காத்திருக்கிறார்கள். அந்த இருட்டில் கப்பற்காரர்கள் முன்னணியத்தில் நங்கூரம் போடப்போகிற பாவனையாகப் படவைக் கடலில் இறக்குகிறார்கள். தப்பி ஓடத்தான். பவுல் அதைப் பார்த்துவிட்டு நூற்றுக்கு அதிபதியிடம் சொல்கிறார்: "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்."

இங்கேதான் நான் வருடக்கணக்காக நின்றேன். ஒருவரும் சாகமாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்த அதே ஆள்தான் இதைச் சொல்கிறார். முதலில் சொன்னது பொய்யா? இரண்டாவது சொன்னது வெறும் மிரட்டலா? இரண்டும் இல்லை. போர்ச்சேவகர்கள் அதைக் கேட்டவுடன் படவின் கயிறுகளை அறுத்து, அதைத் தாழ விழவிட்டார்கள். வாக்குத்தத்தம் எப்படி நிறைவேறியது என்றால், அந்த எச்சரிக்கையைக் கேட்டு ஒருவன் கயிற்றை அறுத்ததால் நிறைவேறியது. எச்சரிக்கை நிஜம், ஆபத்தும் நிஜம், 276 பேரும் கரைசேர்ந்ததும் நிஜம். முடிவு எப்படியிருந்தது என்பதையும் இதை எழுதிய லூக்கா மறைக்கவில்லை. கம்பீரமாக யாரும் துறைமுகத்தில் இறங்கவில்லை. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள், மற்றவர்கள் பலகையையும் உடைந்த துண்டுகளையும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்கள்.

எபிரெயர் ஆறு நங்கூரம் போடுகிற பாவனையில் படவை இறக்குகிறவர்களிடம் சொல்லப்பட்ட வார்த்தை என்று அதன்பிறகு நான் வாசிக்க ஆரம்பித்தேன். இன்னும் அவர்கள் இறங்கிப்போகவில்லை. அவர்கள் இறங்கிவிடக்கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கடிதமே. ஒன்பதாம் வசனத்தில் அந்த ஆசிரியர் மூச்சுவிட்டு, "பிரியமானவர்களே" என்று கூப்பிடுகிறார். எபிரெயர் நிருபம் முழுவதிலும் அந்த அழைப்பு வருவது இந்த ஒரே இடத்தில்தான். அவ்வளவு கடுமையாகப் பேசிய வாயிலிருந்து உடனே அந்தச் சொல் வருகிறது.

அந்த வசனத்தைக் குத்தி அனுப்புகிற உங்கள் உறவினர்கள், கயிற்றை அறுக்கச் சொன்ன வார்த்தையை எடுத்து, தண்ணீரில் தத்தளிக்கிறவன் தலையில் எறிகிறார்கள்.

இனி உங்கள் போதகர் சொன்னதற்கு வருகிறேன். என் சொந்த நம்பிக்கையும் அவர் பக்கம்தான் சாய்கிறது. கிறிஸ்து தம்முடையவர்களைக் கடைசியில் தொலைத்துவிடமாட்டார் என்றே நம்புகிறேன். பவுல் எபேசியருக்கு எழுதும்போது ஆவியானவரை நம்முடைய சுதந்தரத்தின் "அச்சாரம்" என்கிறார். முன்பணம். அச்சாரம் கொடுத்தவன் பின்வாங்கினால் நஷ்டம் கொடுத்தவனுக்குத்தான். இங்கே கொடுத்தவர் தேவன். எனக்கு அந்த ஒரு சொல் நூறு வாதங்களுக்குச் சமம்.

ஆனால் அதிலிருந்து உங்கள் அண்ணனைக் கைகாட்டி "இவர் இரட்சிக்கப்படவே இல்லை" என்று சொல்வதற்கு நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. போதகர்கள் அதை 1 யோவான் 2:19-ஐ வைத்துத் தாண்டுவார்கள்: "அவர்கள் நம்மைவிட்டுப் பிரிந்துபோனார்கள், ஆகிலும் அவர்கள் நம்முடையவர்களாயிருக்கவில்லை." யோவான் அதை எழுதியது இயேசுவைக் கிறிஸ்து அல்ல என்று மறுதலித்து, மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போன சில போதகர்களைப் பற்றி. விசுவாசம் வற்றிப்போய், நடிக்க மனமில்லாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்ட ஒருவருக்கு அதை அப்படியே தூக்கிப் போர்த்த முடியாது. இயேசு பிடிபட்ட இராத்திரி பிரதான ஆசாரியனின் முற்றத்துக்குள் எட்டிப் பார்த்திருந்தால் பேதுருவைப் பற்றி நாம் என்ன சொல்லியிருப்போம்? மூன்று தடவை, சபித்து, சத்தியம் பண்ணி, "அந்த மனுஷனை அறியேன்" என்றான். இரட்சிக்கப்படவே இல்லை என்று எழுதி முடித்திருப்போம்.

டோர்ட் சங்கமே இதில் உங்கள் போதகரைவிட மென்மையாக எழுதியிருக்கிறது. உண்மையான பரிசுத்தவான்களும் பாரமான பாவங்களில் விழக்கூடும், கிருபையின் உணர்வையே சிலகாலம் இழந்துபோகக்கூடும் என்று தாவீதையும் பேதுருவையும் பெயர் சொல்லிக் காட்டுகிறது. இன்று "ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் எப்போதும் இரட்சிக்கப்பட்டவன்" என்று ஸ்டிக்கர்போல ஒட்டிக்கொண்டு எப்படியும் வாழலாம் என்கிறவர்கள், டோர்ட்டைப் பாதியில் கிழித்து நல்ல பாதியை மட்டும் பையில் வைத்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. அவர்களுக்குத் தூக்கம் நன்றாக வருகிறது.

உங்களுக்குத்தான் வரவில்லை. "அண்ணன் போலியென்றால் நான் யார்?" என்று கேட்டீர்கள். அந்த வாதத்தின் ஓட்டையை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். நிச்சயம் கொடுப்பதற்கென்றே வந்த உபதேசம், பதினான்கு வருட விசுவாசத்தைப் பார்த்துப் போலி என்று சொன்னால், கேட்கிற எல்லாருடைய நிச்சயத்தையும் சேர்த்து உருவிவிடுகிறது. கால்வின் வழியில் வந்த பெரியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. 1640-களில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, நிச்சயம் வேறு, விசுவாசம் வேறு என்று பிரித்தது. உண்மையான விசுவாசியும் அந்த நிச்சயத்துக்காக நெடுங்காலம் காத்திருக்க நேரிடும் என்றது. உணர்வு போனால் உறவு போனதாகாது. தாவீது 51-ஆம் சங்கீதத்தில், "உமது இரட்சணியத்தின் சந்தோஷத்தைத் திரும்பவும் எனக்குத் தந்து" என்றுதான் கேட்கிறான். போனது சந்தோஷம் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

வில்லியம் கூப்பர் என்ற ஆங்கிலக் கவிஞரைப் பற்றிச் சொல்கிறேன். இன்றும் ஆலயங்களில் பாடப்படும் ஞானப்பாட்டுகளை எழுதியவர். 1773-இல் ஒரு கனவு கண்டார். உன் கதை முடிந்தது, நீ அழிந்தாய் என்று ஒரு குரல். அதற்குப்பின் 1800-இல் சாகும்வரை, தான் தேவனால் தள்ளப்பட்டவன் என்று நம்பினார். இவ்வளவுக்கும் இரட்சிக்கப்பட்டவன் விழமாட்டான் என்ற உபதேசத்தில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. எல்லாருக்கும் அது உண்மை, தனக்கு மட்டும் விதிவிலக்கு என்று நினைத்தார். அவருக்கு இருந்தது மனநோய். சரியான உபதேசம் அதைக் குணப்படுத்தவில்லை. அவருடைய நண்பர் ஜான் நியூட்டன், அடிமைக்கப்பலில் இருந்து போதகரானவர், வாதம் செய்து அவரை மாற்றிவிட முடியாது என்று தெரிந்தும் அவரைக் கைவிடவில்லை. ஒரே ஊரில் இருந்தவரை கூடவே நடந்தார், வேறு ஊருக்குப் போனபிறகு கடிதம் எழுதினார்.

இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஏழெட்டு மாதமாகத் தூக்கம் கெட்டிருக்கிறது என்றால் தயவுசெய்து ஒரு மருத்துவரையும் பாருங்கள். அது அவிசுவாசம் இல்லை. களைத்த மூளை எழுதுவதையெல்லாம் பரிசுத்த ஆவியானவரின் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்றால் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். மாற்கு ஒன்பதில் ஒரு தகப்பன் சொன்னது போதும்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." பாதி விசுவாசம், பாதி அவிசுவாசம். இயேசு அவனை முழுசாக்கிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார்.

அண்ணனைப் பற்றி. போதகரும் ஜெபக்குழுவும் எதிர்த் துருவத்தில் நிற்பதுபோலத் தெரிந்தாலும், இருவரும் அவரைப் பற்றி இறந்தகாலத்தில் பேசுகிறார்கள். ஒருவர் "இருக்கவே இல்லை" என்கிறார், மற்றவர்கள் "இழந்துவிட்டார்" என்கிறார்கள். அவர் உயிரோடு இருக்கிறார், சகோதரி. லூக்கா 22-ஐ எடுத்து வாசியுங்கள். பேதுரு விழுவதற்கு முன்னாலேயே, "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்கிறார் இயேசு. அடுத்த வார்த்தை, "நீ குணப்பட்டபின்பு". குணப்பட்டால் என்று சொல்லவில்லை. பவுலோடு ஊழியம் செய்து பிரிந்துபோன தேமாவைப் பற்றி அப்படி ஒரு வரி நம்மிடம் இல்லை. அவன் இந்த உலகத்தின்மேல் ஆசைவைத்துத் தெசலோனிக்கேயாவுக்குப் போய்விட்டான் என்பதோடு நிற்கிறது. உங்கள் அண்ணன் பேதுருவா தேமாவா என்று எனக்குத் தெரியாது. உங்கள் போதகருக்கும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் இரண்டில் எதுவானாலும் நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான்.

வாட்ஸப் அனுப்புகிறவர்களை நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்று தோன்றுகிறது. துண்டோடு கரையில் நின்றவர் உங்கள் ஆள், நீங்கள்தான் சொல்லவேண்டும். அவர் என்ன காரணத்தால் விட்டார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. உங்களுக்கே தெரியாதோ என்று சந்தேகப்படுகிறேன். வசனம் அனுப்பியவர்களில் யாராவது அதைக் கேட்டிருப்பார்களா?

அந்த ஞாயிற்றுக்கிழமை போன். கிண்டல் செய்கிறவன் ஒரு வாரம் செய்வான், இரண்டு வாரம் செய்வான். மூன்று வருடமாக, தவறாமல், ஆராதனை முடிகிற நேரம் பார்த்து ஒருவன் கிண்டல் செய்வானா? எனக்குத் தெரியவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு அவர் கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். என்ன பிரசங்கம் என்று முழுசாகச் சொல்லுங்கள். உங்களுக்கு அது சரியாகப் படவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டுவிட்டு, போனை வைக்காமல் இருங்கள்.